மூன்றுக்கும் பொருந்துகிற ரெசிஸ்டர்

அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

மேசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். பெயர் சட்டையில் குத்தியிருந்தது. நான் வாசிக்கவில்லை.

கதவோரம் சார்ஜன்ட். பருத்த ஆள். என் சாமானைப் பிரித்துப் போட்டவர் அவர்தான்.

சுவரோரக் கதிரையில் பொலிஸ் வயர்லெஸ்காரர். சாதாரண உடுப்பு, தடித்த கண்ணாடி, ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை அய்யே, சிங்களத்தில் அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கும் அந்தப் பெயர்தான் தெரியும்.

கனகரத்தினம் ஐயா. வெள்ளவத்தையில் இருக்கிற பென்ஷன்காரர், முந்திக் கிளார்க். டை கட்டி வந்திருந்தார். காது கேளாது.

சிவபாலன். ரேடியோ திருத்துகிற கடையில் எனக்குப் பக்கத்து மேசை. நிற்க வைத்திருந்தார்கள். பெல்ட் இல்லை, செருப்பு இல்லை. இடது கன்னம் வீங்கியிருந்தது.

ஆறாவது நான், பெனடிக்.

மேசை நடுவில் ஒரு சோப்புப் பெட்டி. பச்சை பிளாஸ்டிக். அதற்குள் ஒன்பது வோல்ட் பற்றரி, ஒரு சின்ன போர்ட், ஒரு ஸ்பீக்கர், சிவப்பு வயர், கறுப்பு வயர். வெளியே ஒரு றப்பர் கிண்ணம் தொங்கியது.

அதைச் செய்தது நான்.

இந்தத் தொழில் படிக்கிற நீங்கள் இப்போது பேஸ் ரெசிஸ்டர் எவ்வளவு என்று கொம்பியூட்டரில் போட்டுப் பார்க்கிறீர்கள். சரியான விடை வரும். விடை வந்த பிறகு என்ன செய்வது என்று அது சொல்லாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இந்த ஒன்றைத்தான் எழுதித் தர முடியும்.

சோப்புப் பெட்டி என்ன வேலைக்கு என்று முதலில் சொல்ல வேண்டும்.

கனகரத்தினம் ஐயாவின் மகள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை கோல் எடுப்பாள். ஐயா கடைக்கு வந்து சொன்னார்:

"ஆறு மாசமா நான் ஓம் ஓம் எண்டே சொல்லிக்கொண்டிருக்கிறன், பெனடிக். என்னத்துக்கு ஓம் சொன்னனெண்டு எனக்கே தெரியாது. வாற மாசம் ஆரும் மாப்பிள்ளை எண்டு வந்து நிண்டாலும் நிப்பான்."

டெலிபோன் ரிசீவரின் முதுகில் றப்பர் கிண்ணத்தை ஒட்டினால் அதற்குள் இருக்கிற கொயில் சத்தத்தைப் பிடிக்கும். அந்தச் சத்தம் மிகச் சின்னது. அதை ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கும். பிறகு பழைய பொக்கெட் ரேடியோவின் பின்பாதி. பிறகு ஸ்பீக்கர். அவ்வளவுதான்.

சண்டைக் காலம். பற்றரியும் வயரும் உள்ள சோப்புப் பெட்டி என்றால் என்னவென்று நினைப்பார்கள் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. கடையில் எல்லாவற்றையும் சோப்புப் பெட்டியில்தான் போடுவோம். கைக்கு அடக்கம். மூடி இறுக்கமாக நிற்கும். பழகிய கண்ணுக்கு அது சோப்புப் பெட்டி மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான்தான் அதை ஐயா வீட்டுக்குக் கொண்டு போக வேண்டியது. செவ்வாய் எனக்குக் கோயில் நாள். கொட்டாஞ்சேனைக்கு வேளைக்குப் போக வேண்டும். சிவபாலன் சொன்னான், "நீங்கள் போங்கோ அண்ணை. நான் லொட்ஜுக்குப் போற வழியில குடுக்கிறன்."

காலி வீதியில் பொலிஸ்காரர் அவனைச் செக் பண்ணினார்கள். ஏற்றினார்கள்.

அவன் யாழ்ப்பாணத்து ஆள். முப்பத்தைந்து வயது. அம்மா, பெண்சாதி, பிள்ளை எல்லாம் அங்கே. கொழும்பில் தேடி வர ஒருவரும் இல்லை. சிங்களமும் வராது. கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லத் தெரியாமல் நின்றிருப்பான். அது அவர்களுக்கு மறைக்கிற மாதிரித் தெரிந்திருக்கும்.

புதன் காலை ஐயா கடைக்கு வந்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிய வந்தது. பெட்டி வரவில்லையே என்று கேட்க வந்தவர். லொட்ஜில் விசாரித்தால், பொலிஸ் அவனை ஏற்றினதை ஒருவர் கண்டிருந்தார். அப்போதே நான் சட்டையை மாற்றினேன். முதலாளி மறித்தார்.

"போகாதை பெனடிக். இனி உன்னையும் இருத்திப் போடுவாங்கள். லோயர் ஒராளைப் பிடிப்பம்."

"லோயருக்கு அது என்னெண்டு தெரியுமா?"

நான் மீட்டர், சோல்டரிங் அயன், ஈயம், ஒரு சின்னத் தகர டப்பா எடுத்தேன். டப்பாவில் கழற்றிய பழைய சாமான். ஐயாவும் வந்தார். வர வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அவருக்குத்தான் ஒன்றும் கேட்காதே.

இனி வருகிற பேச்செல்லாம் பெரும்பாலும் சிங்களம். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். எனக்கு அது கஷ்டமில்லை. உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் சோப்புப் பெட்டியைப் பேனையால் தொட்டார். "மொகத மே?" இது என்ன என்று கேட்டார்.

சொன்னேன்.

"டெலிபோன்ல பேசுறத ஒட்டுக் கேக்கிற சாமான்," என்றார் அவர்.

"இல்ல சேர். காது கேக்காதவங்களுக்கு."

"அதுவும் கேக்கிறதுதானே."

கனகரத்தினம் ஐயா கத்தினார். "என்ன சொல்றார்?" வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் எட்டிப் பார்த்தார். ஐயா பென்ஷன் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, நல்ல சிங்களத்தில், கந்தோரில் கடிதம் எழுதுகிற மாதிரி ஒரு வசனம் சொன்னார். தான் இந்தக் கருவியைக் கேட்டது உண்மை, அது தன் சொந்தப் பாவனைக்கு. இன்ஸ்பெக்டர் மெதுவாக ஏதோ கேட்டார். ஐயா "ஓம் ஓம்" என்றார்.

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "சேர், அவருக்கு இப்ப நீங்க கேட்டது விளங்கல."

இன்ஸ்பெக்டர் முதல் தரம் சிரிக்கப் பார்த்தார். சிரிக்கவில்லை. தன் மேசை டெலிபோனை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"காட்டுங்க. இந்தப் பெட்டி பேசினா இந்த அய்யே அதைப் பாத்து சைன் பண்ணுவார். ஆள் போகலாம். பேசாட்டி ரெண்டு மணிக்கு வாகனம் வருது. ஃபைலும் ஆளும் பெரிய இடத்துக்குப் போகும். அங்க போனா என் கையில இல்ல."

சுவரில் மணிக்கூடு. பதினொன்று இருபது.

சிவபாலன் என்னைப் பார்த்தான். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். எல்லாம் சரி என்கிற மாதிரி.

பெட்டியைத் திறந்தேன். டிரான்சிஸ்டரின் ஒரு கால் அடியோடு முறிந்திருந்தது. சார்ஜன்ட் வயரைப் பிடித்து இழுத்திருக்கிறார். பெட்டியை அப்படியே வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும்.

டிரான்சிஸ்டருக்கு மூன்று கால். பேஸ், கலெக்டர், எமிட்டர். பேஸில் ஒரு துளி கரண்ட் போனால் கலெக்டரில் அதைப் போல நூறு மடங்கு போகும். இருநூறும் போகும். நானூறும் போகும். ஒரே நம்பர், ஒரே பக்கெட், மடங்கு வேறு. ஒன்பது வோல்ட் கொடுத்தால் கலெக்டர் நடுவில் நிற்க வேண்டும், நாலரைக்குக் கிட்ட. சத்தம் மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். மேலே ஒட்டினாலும் ஊமை. கீழே ஒட்டினாலும் ஊமை.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. பேஸுக்கு ஒரே ஒரு ரெசிஸ்டர். முதலில் அந்த இடத்தில் திருகுகிற ரெசிஸ்டர், பிரிசெட் என்பது, அதை வைத்து மீட்டரில் நாலரை வரும் வரை திருகுவோம். வந்ததும் கழற்றி அளந்து, கிட்டத்தட்ட அதே அளவில் ஒன்றைப் பற்றவைப்போம். இன்னும் மூன்று சாமான் போட்டால்தான் முறையான வேலை. அந்த மூன்றையும் மிச்சம் பிடித்தோம். முதலாளிக்குச் சந்தோஷம். எங்களுக்கும் வேலை சுருக்கம். அந்தப் பெட்டியில் நான் போட்டது ஒன்றரை மெக், அதாவது பதினைந்து லட்சம் ஓம். அந்த ஒரு டிரான்சிஸ்டருக்கு மட்டும் அளந்து தைத்த சட்டை.

அந்த டிரான்சிஸ்டர் முறிந்து போனது.

டப்பாவில் மூன்று கிடந்தன. எல்லாம் செத்த ரேடியோவில் கழற்றியவை. ஒன்றை எடுத்துப் போட்டேன். ரிசீவரைத் தூக்கி வைத்து அதில் றப்பர் கிண்ணத்தை ஒட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

டிக்.

அவ்வளவுதான். டெலிபோனைத் தூக்கினால் வருகிற இரைச்சல் வரவில்லை. சார்ஜன்ட் மூக்கால் சிரித்தார். மீட்டரை வைத்தேன். கலெக்டரில் கால் வோல்ட்கூட இல்லை. புது டிரான்சிஸ்டருக்கு மடங்கு கூட. கீழே போய் ஒட்டிவிட்டது.

என்ன பிழை என்று எனக்கு உடனே தெரியும். தெரிந்தும் நான் குறுக்கு வழிதான் பார்த்தேன். டப்பாவில் ஒரு பிரிசெட் கிடந்தது. ஒன்றரை மெக்கோடு அதையும் தொடராக வைத்துப் பற்றவைத்துத் திருகினேன். இரண்டு. மூன்று. நாலு. நாலரை.

ஸ்பீக்கரில் டெலிபோன் இரைச்சல் ங்ங்ங் என்று அறை முழுக்க வந்தது.

ஐயா எழும்பி நின்றார். "கேக்குது! எனக்கே கேக்குது!"

சிவபாலன் கண்ணை மூடித் திறந்தான். இன்ஸ்பெக்டர் பேனையை எடுத்தார். வயர்லெஸ்காரரைப் பார்த்தார்.

வயர்லெஸ்காரர் எழும்பி வந்தார். சோப்புப் பெட்டியை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கினார். கையை விட்டார்.

டக்.

சார்ஜன்டின் கை இடுப்புக்குப் போய்விட்டது. கொன்ஸ்டபிள் வாசலிலிருந்து காணாமல் போனார். பெட்டி மேசையில் கிடந்தது. இரைச்சல் நின்றுவிட்டது.

அவர் குனிந்து பிரிசெட்டை நகத்தால் இம்மியளவு திருகினார். சத்தம் வந்தது. மறுபக்கம் திருகினார். போனது.

"மல்லி," என்றார், சிங்களத்தில் தம்பி என்று. "இது மெஷின் இல்ல. இது உங்கட கை."

நான் அயனைக் கீழே வைத்தேன்.

"நான் சைன் பண்ணினா இது ஃபைலோட இங்க இருந்து போகும். அங்க ஒருத்தன் தூக்குவான், ஒருத்தன் போடுவான், ஒருத்தன் திருகுவான். நீங்க பக்கத்தில இருக்க மாட்டீங்க. அங்க இது பேசாட்டி முதல்ல என்னைக் கூப்பிடுவாங்க. ரெண்டாவது இவரை." சிவபாலனைக் காட்டினார். "இவரை இன்னொரு தரம் கூப்பிட்டா நல்லதில்ல."

டப்பாவுக்குள் விரலை விட்டு மற்ற இரண்டு டிரான்சிஸ்டரையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"மூணு இருக்கு. எதைப் போட்டாலும் பேசணும். திருகக் கூடாது. அப்ப நான் சைன் பண்றேன்."

இன்ஸ்பெக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது. கழற்றி, போட்டு, திருகி அவ்வளவு நேரம் போயிருந்தது. அவருக்குப் பசி. "ஒன்றரைக்கு வருவேன்," என்று எழும்பினார். கதவில் நின்று சார்ஜன்டிடம், "ஆள் மேசைக்குக் கிட்ட வரக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தம் வந்ததுதானே. பேசாமல் சைன் பண்ணியிருக்கலாம்தானே. வீட்டுக்குப் போயிருப்போம். பிறகு பல தரம் யோசித்திருக்கிறேன். அவர் அப்படிச் சைன் பண்ணியிருந்தால் ஒரு கிழமைக்குள் சிவபாலனை லொட்ஜில் வந்து ஏற்றியிருப்பார்கள். அவர் எங்களுக்கு நல்லது செய்தார் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்திலும் தெரியவில்லை.

இருந்தேன். சிகரெட் பெட்டித் தாளைக் கிழித்து அதில் எழுதினேன்.

இந்தத் தரம் டிரான்சிஸ்டரின் மடங்கை மறந்துவிட வேண்டும். அதைக் கேட்கவே கூடாது. முதலில் எமிட்டருக்குக் கீழே ஒரு ரெசிஸ்டர். கரண்ட் கூடினால் அதில் வோல்ட் ஏறும், ஏறினால் டிரான்சிஸ்டர் தானே அடங்கும். ஒரு மில்லி அம்பியர் போதும். ஒரு கிலோ ஓம் வைத்தால் ஒரு வோல்ட். பேஸ் அதை விடப் புள்ளி ஆறு மேலே. ஒன்று புள்ளி ஆறு. அந்த ஒன்று புள்ளி ஆறை இரண்டு ரெசிஸ்டர் பிடித்து வைத்திருக்க வேண்டும், மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த இரண்டு வழியாகவும் ஓடுகிற கரண்ட், பேஸ் குடிக்கிற கரண்டைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் பேஸ் கொஞ்சம் கூடக் குடித்தாலும் குறையக் குடித்தாலும் வோல்ட் அசையாது. மிகவும் கூட ஓட விட்டால் பற்றரியும் சீக்கிரம் தீரும், கொயிலில் வருகிற சின்னச் சத்தத்தையும் அதுவே தின்றுவிடும்.

மேலே நூறு கிலோ. கீழே இருபத்திரண்டு. கலெக்டரில் நாலு புள்ளி ஏழு. எமிட்டர் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு கொண்டென்சர், இல்லாவிட்டால் சத்தம் சுருங்கும்.

கணக்கு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. சாமான்தான் இல்லை.

டப்பாவில் இருபத்திரண்டு இல்லை. நாற்பத்தேழு இரண்டு இருந்தால் பக்கம் பக்கமாக வைத்துப் பாதியாக்கலாம். இருபத்து மூன்றரை வரும். காணும். ஆனால் நாற்பத்தேழு எது? அளவை ரெசிஸ்டரில் உள்ள நிறக்கோடுகள்தான் சொல்லும்.

இதை நான் முதலாளியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குச் சிவப்பும் செம்மஞ்சளும் பிரியாது. பெரிய துணி என்றால் தெரியும். ரெசிஸ்டரில் இருக்கிற மெல்லிய கோடு தெரியாது. மஞ்சள், ஊதா, செம்மஞ்சள் என்றால் நாற்பத்தேழு கிலோ. மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் நாலு புள்ளி ஏழு. பத்து மடங்கு வித்தியாசம். கடையில் சந்தேகம் வந்தால் மீட்டரில் ஓம் பார்ப்பேன். அன்று மீட்டருக்குள் இருக்கிற பற்றரி செத்துக் கிடந்தது. வோல்ட் காட்டும். ஓம் காட்டாது. அவசரத்தில் பார்க்காமல் எடுத்து வந்துவிட்டேன்.

ஓம் பார்க்க நேரமில்லாத நேரங்களில் கடையில் எனக்கு நிறம் வாசித்தவன் சிவபாலன். ஆறு வருஷம். நான் ரெசிஸ்டரைத் தூக்கிப் பிடிப்பேன். அவன் தன் வேலையில் இருந்து தலை நிமிராமல் சொல்லுவான். அவனுக்கு மட்டும் தெரியும்.

சார்ஜன்டிடம் போனேன்.

"சேர், அவரைக் கொஞ்சம் மேசைக்குக் கிட்ட வர விடுங்க. எனக்கு நிறம் தெரியாது."

"என்ன?"

"சிவப்பு தெரியாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரேடியோ திருத்துற பாஸுக்கு நிறம் தெரியாதா? அப்ப சிக்னல் லைட்ல எப்படி ரோட் கடப்பீங்க?"

"மத்தவங்க கடக்கிறப்ப கடப்பேன்."

அவர் சிரித்தார். பிறகு கதவைப் பார்த்தார். வயர்லெஸ்காரரைப் பார்த்தார். வயர்லெஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் பார்க்கவில்லை என்கிற மாதிரி.

"கை பின்னால," என்றார் சார்ஜன்ட். "வாய் மட்டும்."

சிவபாலன் வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான்.

"ஏன் அண்ணை வந்தனீங்கள்?"

"நிறத்தைப் பார்."

"ரெண்டு மணி எண்டு அவர் விரல் காட்டினவர். ரெண்டு மணிக்கு என்ன?"

"ஒண்டும் இல்ல. சாப்பாடு. நிறத்தைப் பார்."

ஒவ்வொன்றாகத் தூக்கினேன். "மண்ணிறம், கறுப்பு, மஞ்சள்." நூறு கிலோ. "மண்ணிறம், கறுப்பு, சிவப்பு." ஒரு கிலோ. "மஞ்சள், ஊதா, செம்மஞ்சள்." ஒன்று. இன்னொன்று எடுத்தேன். அதே மாதிரி இருந்தது. அயனைக் கொண்டு போனேன்.

"அண்ணை, வைச்சிடாதையுங்கோ. அது சிவப்பு."

கை நின்றது. அதைக் கீழே வைத்திருந்தால் பேஸில் அரை வோல்ட்கூட வந்திருக்காது. ஏன் ஊமை என்று தேடவே ஒரு மணித்தியாலம் போயிருக்கும். என்னிடம் ஒரு மணித்தியாலம் இல்லை.

"அப்ப கலெக்டருக்கு வை," என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டப்பாவைக் கவிழ்த்தேன். மூன்று மஞ்சள் ஊதா இருந்தன. முதலாவது சிவப்பு. இரண்டாவது சிவப்பு. மூன்றாவதைத் தூக்கினேன். அவன் கனநேரம் பார்த்தான். கோடு கருகியிருந்தது.

"தெரியேல்லை அண்ணை. வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ."

ஜன்னல் பக்கம் பிடித்தேன். வயர்லெஸ்காரரின் மூக்குக்குக் கிட்ட. அவர் அசையவில்லை.

"செம்மஞ்சள்," என்றான் சிவபாலன்.

அதே நேரம், அவரை யாரும் கேட்காமல், வயர்லெஸ்காரரும் ஜன்னலைப் பார்த்தபடி சிங்களத்தில் அதையே சொன்னார்.

பற்றவைத்தேன். ஈயம் ஓடியது. மணி ஒன்று இருபத்தைந்து. "பின்னால போ," என்றார் சார்ஜன்ட். சிவபாலன் சுவரோரம் போய் நின்றதும் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் கை துடைத்துக்கொண்டு வந்தார்.

முதல் டிரான்சிஸ்டரை நான் போட்டேன். மீட்டர் நாலு புள்ளி ஒன்று காட்டியது. இரைச்சல் வந்தது.

வயர்லெஸ்காரர் அயனை என் கையில் இருந்து வாங்கினார். கழற்றினார். இரண்டாவதைத் தானே போட்டார். அவர் கை சுத்தமான கை. ஒரு சொட்டு ஈயம் கூடவில்லை. நாலு புள்ளி மூன்று. இரைச்சல் வந்தது.

மூன்றாவது. நாலு புள்ளி ஏழு. வந்தது.

மூன்றும் மூன்று மாதிரி. ரெசிஸ்டர் ஒன்றும் மாற்றவில்லை.

பெட்டியைத் தூக்கினார். ஐயா காதைப் பொத்தினார். காது கேளாதவர் எதற்குப் பொத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. டக். சத்தம் அப்படியே இருந்தது. இன்னொரு தரம், இன்னும் உயரத்தில் இருந்து. டக். அப்போதும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"பேச்சு வந்தாத்தான் சரி," என்றார் இன்ஸ்பெக்டர். "இரைச்சல் என்ன, தேனீக்கும் வரும்."

யாருக்காவது எடுத்துப் பார்க்கலாம் என்று ரிசீவரை அவர் வைக்க, டெலிபோன் தானாக அடித்தது. அவர் பழக்கத்தில் எடுத்துவிட்டார். றப்பர் கிண்ணம் ரிசீவரின் முதுகில் ஒட்டியபடி.

ஒரு பெண்ணின் குரல் அறை முழுக்க நிறைந்தது.

"கேஸ் முடிஞ்சுது. காலைலயே சொன்னேன். போன கிழமையும் மறந்தீங்க. இன்னைக்கும் சிலிண்டர் இல்லாம வந்தா பொலிஸ்லயே சாப்பிட்டுட்டு அங்கேயே படுங்க. காதுல விழுதா?"

சார்ஜன்ட் கூரையைப் பார்த்தார். தோள் குலுங்கியது.

"காதுல விழுதா?"

"விழுது, விழுது," என்றார் கனகரத்தினம் ஐயா, உரத்து. "நல்லாத் தெளிவா விழுது!"

இன்ஸ்பெக்டர் றப்பர் கிண்ணத்தைப் பிய்த்து எடுத்தார். "ஹரி, ஹரி," சரி சரி என்று ரிசீவருக்குள் சொல்லிவிட்டு வைத்தார். முகம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு எனக்கும் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. சாமான் வேலை செய்யாத பயம் வேறு. வேலை செய்து ஒரு மனுஷனை அவருடைய ஆட்களுக்கு முன்னால் கூச வைத்துவிட்ட பயம் வேறு. அவர் பேனையை மூடினார். மணி ஒன்று நாற்பது. வெளியே ஒரு வாகனம் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. முந்தியே வந்துவிட்டது.

வயர்லெஸ்காரர் ஒருவரையும் கேட்கவில்லை. மேசையில் கிடந்த தாளை இழுத்தார். எழுதினார். எழுதுகிறதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். டெலிபோன் சத்தத்தைப் பெரிதாக்கும் கருவி, காது கேளாதவருக்கு, மூன்று தரம் பரிசோதித்தேன், வேறு எந்த வேலைக்கும் உதவாது. கையெழுத்து வைத்தார். தாளை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பி வைத்தார்.

"சேர், நான் போகவா? என் சோறு ஆறுது."

இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். சோப்புப் பெட்டியைப் பார்த்தார். சிவபாலனைப் பார்க்கவில்லை.

"பெட்டி இங்க இருக்கும்," என்றார். "ஆள் போகலாம்."

நான் வயர்லெஸ்காரருக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் போய்விட்டார். பிறகு ஒருநாளும் அவரைக் காணவில்லை.

அதன் பிறகு நான் ஒரு டிரான்சிஸ்டரையும் திருகிப் போட்டதில்லை. ஐயாவுக்கு வேறு பெட்டி செய்தோம். மேலே நூறு, கீழே இருபத்திரண்டு. அதைச் சோப்புப் பெட்டியில் போடவில்லை. நான் செய்த எந்தக் கருவியையும் நான் தொடாமல் வேறொருவர் கையில் கொடுத்துப் பார்ப்பேன். அவர் தட்டட்டும், போடட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொண்டிருந்தால் ஓடுகிற வேலையை, ஓடுகிற வேலை என்று கையெழுத்து வைக்காதீர்கள். முறையான வேலைக்கு மூன்று சாமான் கூடப் போகும். போகட்டும்.

அன்றைக்கு வருகிறேன்.

பெல்ட், செருப்பு, அடையாள அட்டை, மூன்றையும் கொடுத்தார்கள். ஐயாவை ஓட்டோவில் ஏற்றிவிட்டோம். "நல்ல சாமான் பெனடிக்!" என்று போகும் வழியெல்லாம் அவர் கத்தியது கேட்டது. சிவபாலன் விறுவிறு என்று நடந்தான். பொலிஸ் நிலையம் கண்ணுக்கு மறையும் வரை நடந்தான். ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றான். தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

"பேனை இருக்கா அண்ணை?"

"எதுக்கு?"

"கெதியாத் தாங்கோ. மறந்திடுவன்."

பேனை இருந்தது. தாள் இல்லை. நான் கணக்குப் போட்ட சிகரெட் பெட்டித் தாள் சட்டைப் பையில் இருந்தது. அவன் கை எழுதுகிற நிலையில் இல்லை. நான் எழுதினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். பெயர், ஒழுங்கை, வீட்டு நம்பர். நம்பர் தெரியாத இடத்தில் பக்கத்துக் கடை. பெயர், ஒழுங்கை, நம்பர். இராத்திரி அவனோடு உள்ளே இருந்தவர்கள். அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று வீட்டுக்குத் தெரியாது. யார் முதலில் வெளியே போகிறாரோ அவர் சொல்ல வேண்டும் என்று பேசி, எல்லோரும் எல்லோருடையதையும் பாடமாக்கியிருக்கிறார்கள்.

ஒரு பக்கம் நிரம்பியது. மற்றப் பக்கம் ரெசிஸ்டர் கணக்கு. அதற்கு மேலேயே எழுதினேன்.

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தான்.

"எண்ணுங்கோ அண்ணை. ஒண்டு விட்டிருந்தாலும்."

எண்ணினேன். இன்னொரு தரம் எண்ணச் சொன்னான். எண்ணினேன்.

பதினேழு.